தையல் போட்ட இடம்

அம்சவல்லியின் முழங்காலில் ஒரு கோளாறும் இல்லை. ஆனால் விருத்தாசலம் ஸ்டேஷனுக்கு மேற்கே இருந்த அந்தப் பீங்கான் கம்பெனியில் அவளைத் தெரிந்த எல்லோருக்கும் அவள் முழங்கால் வலிக்காரிதான். மற்றப் பெண்கள் மணைப்பலகையில் குந்திக்கொண்டு ஃபியூஸ் கட்டைகளுக்குப் பிசிறு எடுக்கும்போது, அவள் மட்டும் பீங்கானுக்குப் பளபளப்புக் கொடுக்கும் கிளேஸ் தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு, காய்ந்த கட்டைகளைப் பால்போன்ற அந்தக் கரைசலில் முக்கி எடுத்து அடுக்குவாள். டீ குடிக்கிற நேரத்திலும் நிற்பாள். மத்தியானச் சோற்றையும் சுவரில் சாய்ந்து நின்றபடியே முடித்துவிடுவாள். யாராவது உற்றுப் பார்த்தால் வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பாள். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அதற்கு ஏற்றபடி நடக்கவும் வேண்டியிருந்தது. அதுவே ஒரு தனி வேலை.

வலி இருந்த இடம் வேறு. அதை வெளியில் சொல்ல அவளிடம் வார்த்தை இல்லை.

அவள் கம்மாபுரத்துக்குப் பக்கத்துக் கிராமத்துப் பெண். பீங்கான் கம்பெனிச் சூளையில் கரி தள்ளும் வேலையிலிருந்த பாவாடை என்பவனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். பாவாடை அதிகம் பேசாதவன். சூளைச் சூட்டில் நின்று நின்று முகம் எப்போதும் கருஞ்சிவப்பாக இருக்கும். அவனும் அவன் தாய் வீராயியும் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீட்டில் குடியிருந்தார்கள். கல்யாணமான மறு வருஷமே, அறுபத்தாறாம் வருஷத்து ஐப்பசியில், அம்சவல்லி பிரசவத்துக்குத் தாய்வீடு போனாள்.

வலி எடுத்து ஒரு பகலும் ஓர் இரவும் போயிற்று. பிள்ளை இறங்கவில்லை. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். மழையில் வண்டி கட்டிக்கொண்டு டவுனுக்கு வந்து சேர்ந்தபோது அம்சவல்லிக்குப் பாதி நினைவுதான் இருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா, தலை மாட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிப் பிறப்பு வாசலின் ஓரத்தில் கத்தரியால் வெட்டி வழி செய்தாள். பெண் குழந்தை பிறந்தது. வெட்டின இடத்தில் தையல் போட்டார்கள். குழந்தையும் பிழைத்தது, தாயும் பிழைத்தாள். விருத்தாசலம் கோயில் அம்மன் பெயரையே வைத்துப் பெரியநாயகி என்று அழைத்தார்கள். அந்தக் கத்தரி இல்லையென்றால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்பது அம்சவல்லிக்குத் தெரியும். பின்னாளில் எத்தனையோ பட்டபோதும் அந்த நர்ஸம்மாவை அவள் ஒரு நாளும் திட்டவில்லை.

தையல் ஆறிவிட்டது. வேப்பிலைத் தண்ணீர் ஊற்றி, மஞ்சள் பூசி, அவளுடைய அம்மா நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள். குழந்தை தவழத் தொடங்கின சமயத்தில், ஒரு நாள் குளிக்கும்போது கை தற்செயலாகத் தழும்பின் நுனியில் பட்டது. கரண்ட் அடித்ததுபோல உடம்பு தூக்கிப் போட்டது. சொம்பு கைதவறிக் கீழே விழுந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடித்தது ஒரு நொடிதான். ஆனால் அதற்குப் பிறகு தொடை வரைக்கும், அடிவயிறு வரைக்கும் ஓர் எரிச்சல் பரவி, அடங்க வெகுநேரம் ஆயிற்று.

பிறகு விரலால் மெல்லத் தேடிப் பார்த்தாள். மிளகுக்கும் சிறியதாக, தோலுக்கு அடியில், உருண்டையாக ஏதோ ஒன்று. கண்ணாடியை வைத்துப் பார்த்தாலும் தெரியவில்லை. புண் இல்லை, சீழ் இல்லை, சிவப்பு இல்லை. நின்றால் சும்மா இருக்கும். நீட்டிப் படுத்தால் சும்மா இருக்கும். குந்தினால், மாட்டு வண்டி குலுங்கினால், பஸ் சீட்டில் உட்கார்ந்தால், சில நாட்களில் புடவை மடிப்பு உரசினால்கூடப் போதும், அது விழித்துக்கொள்ளும்.

புருஷனோடு சேர்வது முடியாத காரியமாயிற்று.

“வலிக்குதுங்க” என்றாள் முதல் முறை.

பாவாடை விலகிக்கொண்டான். பிரசவமான உடம்பு, கொஞ்ச நாள் போகட்டும் என்று நினைத்தான். இன்னும் சில மாதம் கழித்தும் அதையே சொன்னாள். அவன் மறுபடியும் விலகிக்கொண்டான். அடிக்கிறவனாக, கத்துகிறவனாக இருந்திருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அவனோ ஒன்றும் சொல்லாமல் பாயைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்குப் போனான். பிறகு கம்பெனியில் கேட்டு ராத்திரி ஷிப்டாக வாங்கிக்கொண்டான். தன்னை அவளுக்குப் பிடிக்கவில்லை என்று அவன் முடிவு செய்துகொண்டிருந்தான். அதை அவளிடம் கேட்டுவிடலாம்தான். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தான். இதையெல்லாம் வெகுகாலம் கழித்துத்தான் அவளிடம் சொன்னான்.

வீராயிக்குக் கண் இருந்தது. மகன் வாசலில் படுப்பதைப் பார்த்தாள்.

“ஏண்டி, ஒரு புள்ளய பெத்ததுக்கே இப்படியா? நான் ஏழு பெத்தேன். ஒண்ணுதான் தங்கிச்சு. நான் யாருகிட்ட போயி வலிக்குதுன்னேன்?”

“அத்தை, அது பிரசவ வலி இல்ல. வேற.”

“வேற என்னா?”

அதற்கு மேல் அம்சவல்லியால் சொல்ல முடியவில்லை.

கடைத்தெருவில் ஒரு டாக்டர் இருந்தார். பாவாடைதான் கூட்டிக்கொண்டு போனான். அவர் அவளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எந்த இடம் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டு சொல்லி முடிக்குமுன்பே அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவளை வெளியே உட்காரச் சொன்னார். அவள் நின்றாள். உள்ளே பாவாடையிடம் ஏதோ தாழ்ந்த குரலில் கேட்டார். அவன் வெளியே வந்தபோது முகம் இன்னும் கறுத்திருந்தது. அவளுக்கு ஊசி போட்டார்கள். அவனுக்கும் போட்டார்கள். சில நாள் தொடர்ந்து போய்ப் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. இடுப்பைத் தேய்த்துக்கொண்டே இருவரும் முன்னும் பின்னுமாக வீட்டுக்கு நடப்பார்கள். அது மேக நோய்க்கான ஊசி என்று அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அவன் வேறெங்கும் போனவன் இல்லை. அவளும் இல்லை. ஆனாலும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்காத அந்தக் கேள்வி பல வருஷம் அந்த வீட்டில் இருந்தது.

பிறகு கடலூரில் ஒரு லேடி டாக்டரிடம் போனாள். இந்த முறை தாயைத் துணைக்கு அழைத்துக்கொண்டாள். அந்தம்மா விளக்கைப் போட்டுப் பார்த்தார்கள். தழும்பு அழகாக ஆறியிருக்கிறது, ஒரு குறையும் இல்லை என்றார்கள். “முதல் பிரசவத்துல பயந்துட்டே. மனசைத் தைரியமா வெச்சுக்க. அடுத்த பிள்ளை பொறந்தா சரியாயிடும்” என்று சொல்லிச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த பிள்ளைக்கு வழி இல்லாததுதான் சிக்கல் என்று அவள் சொல்லவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா அவள் கையைத் தடவிக்கொண்டே வந்தாள். “டாக்டரே ஒண்ணும் இல்லன்னுட்டாங்களே” என்று இரண்டு மூன்று தடவை சொன்னாள். அம்மாவுக்கும் அவள்மேல் நம்பிக்கை போய்விட்டது என்று அம்சவல்லிக்குப் புரிந்தது.

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் குறையை எழுதிப் பிராது கட்டினால் சாமி தீர்த்து வைப்பார் என்று ஊரே நம்பும். வீராயிதான் இழுத்துக்கொண்டு போனாள். எழுதிக் கொடுக்கிறவர் பேனாவைத் திறந்துகொண்டு, “என்னா குறைம்மா?” என்றார். அவருக்கு முன்னால் வரிசையில் ஆட்கள். மாடு தொலைந்ததைச் சொல்லுகிறவன் ஒருவன், வரப்புத் தகராறைச் சொல்லுகிறவன் ஒருவன். அம்சவல்லி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, “உடம்பு சரியில்லைன்னு எழுதுங்க” என்றாள். உடம்பில் எங்கே என்று அவர் கேட்கவில்லை. சாமிக்குக்கூட இடத்தைச் சொல்ல முடியாமல் அதைக் கட்டிவிட்டு வந்தாள்.

பெரியநாயகி ஓடி விளையாடத் தொடங்கிய பிறகு அவள் கம்பெனிக்கு வேலைக்கு வந்தாள். வீட்டில் வீராயியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட அது தேவலை என்றிருந்தது. முதலில் பிசிறு எடுக்கும் இடத்தில்தான் போட்டார்கள். காலை முதல் மாலை வரை குந்த வேண்டும். ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு குந்தினாள். பிறகு சூப்பர்வைசர் கோதண்டபாணியிடம் போய் நின்று, “எனக்குக் கிளேஸ் தொட்டியில வேலை குடுங்க சார்” என்றாள்.

“ஏன், குந்துனா என்னா?”

“முழங்கா வலிங்க.”

அப்படித்தான் அந்தப் பொய் பிறந்தது. கோதண்டபாணி நல்ல மனிதர். உடனே மாற்றிக் கொடுத்தார். பக்கத்தில் குந்தியிருந்த காசியம்மாள் அன்று மாலையே அவளுக்கு முழங்காலுக்கு எண்ணெய் காய்ச்சித் தருவதாகச் சொன்னாள். காசியம்மாள் கணவனை இழந்தவள், அம்சவல்லியைவிடப் பத்து வயது மூத்தவள். சொன்னபடி புட்டியில் எண்ணெய் கொண்டுவந்தாள். தீர்ந்தால் மறுபடி கொண்டுவந்தாள். அம்சவல்லி அதை வாங்கி வீராயியின் காலுக்குத் தேய்த்துவிட்டாள். வீராயிக்கு உண்மையாகவே முழங்கால் வலி இருந்தது.

வருஷங்கள் இப்படிப் போயின. வலியைவிட, அது எப்போது வரும் என்று பார்த்துப் பார்த்து நடப்பதுதான் அவளைத் தின்றது. துணி துவைக்கக் குந்த முடியாமல் கல்லை உயரத்தில் தூக்கி வைத்துக்கொண்டாள். கல்யாணம் காரியம் என்றால் பந்தியில் உட்காராமல் பரிமாறுகிற பக்கம் போய் நின்றுகொள்வாள். ரொம்ப ஒத்தாசையான பெண் என்று பேர் வாங்கினாள். மாலையில் வீடு திரும்பும்போது கால்கள் இரண்டும் கல்லாகக் கனக்கும். வீட்டுக்கு வந்தும் உட்கார முடியாது. முப்பது வயதுக்குள் அவள் முகத்தில் ஐம்பது வயதுக் களைப்பு வந்துவிட்டது.

எழுபத்தொன்றில் ஒரு நாள், வீராயியும் பாவாடையும் பெண்ணாடம் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறோம் என்று கிளம்பினார்கள். எதற்கு என்று அவர்கள் சொல்லவில்லை. அம்சவல்லிக்குத் தெரியும். புளிசோறு கட்டிக் கொடுத்தாள். அவன் சட்டையைத் தேய்த்தும் கொடுத்தாள். அழவேண்டும் என்று தோன்றியது. ஆனால் அழுவதற்குத் தெம்பு வேண்டும். அன்றைக்கு அவளுக்கு வேலை நிறைய இருந்தது.

மாலையில் இருவரும் திரும்பி வந்தார்கள். வீராயி வாயில் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டாள். பாவாடைக்கு இரண்டாம் தாரமாகப் பார்க்கப் போன பெண்ணின் தகப்பன், முதல் பெண்டாட்டி குத்துக்கல்லாக இருக்கும்போது என் பெண்ணைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான் என்பது பிற்பாடு அக்கம்பக்கத்துப் பேச்சில் தெரிந்தது. பாவாடை வேண்டாம் என்று சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை. தாய் இழுத்த இழுப்புக்குப் போய்விட்டு வந்தான். கை கால் கழுவிக்கொண்டு அம்சவல்லி போட்ட சோற்றைத் தலை நிமிராமல் சாப்பிட்டான்.

எழுபத்துமூன்றில் கம்பெனியில் ஒரு விபத்து நடந்தது. மண் பிசைகிற மெஷினில் வேலை செய்த நல்லமுத்துவின் வலது கையை அது இழுத்துவிட்டது. ஆட்காட்டி விரலும் நடுவிரலும் பாதியோடு போயின. சத்தம் கேட்டு முதலில் ஓடியவன், அதற்குள் பகல் ஷிப்டுக்கு மாறியிருந்த பாவாடைதான். நல்லமுத்துவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தபடியே ஆஸ்பத்திரி வரைக்கும் போனான்.

விரல் ஆறியது. நல்லமுத்து வேலைக்குத் திரும்பினான். ஆனால் சில மாதங்களில் வேறொன்று ஆரம்பித்தது. அந்தக் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே நடந்தான். ஒரு நாள் டீ கொடுக்க வந்த ஆளின் சட்டைக் கை அந்த மொட்டை விரலின் நுனியில் பட்டுவிட்டது. நல்ல உயரமும் பருமனுமான மனிதன், அப்படியே தரையில் உட்கார்ந்து கண்ணீர் விட்டான். “கரண்ட் அடிக்குது, கரண்ட் அடிக்குது” என்றான். எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் தண்ணீர் கொடுத்தான், ஒருவன் விசிறினான். பாவாடை அவனைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். கிளேஸ் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று அம்சவல்லி இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சொன்ன கரண்ட் எது என்று அவளுக்குத் தெரியும். விரல் என்பதால் அவனால் நீட்டிக் காட்ட முடிகிறது என்று நினைத்தாள். காட்டியதும் நம்புகிறார்கள்.

நல்லமுத்துவைப் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஒரு மாதம் கழித்துச் சிரித்த முகத்தோடு திரும்பி வந்தான். டீ நேரத்தில் எல்லோரும் அவனைச் சுற்றிக்கொண்டார்கள்.

“அறுந்த நரம்பு சும்மா கெடக்காதாம்பா” என்றான் நல்லமுத்து. “அவரைக் கொடிய கிள்ளிவுட்டா பக்கத்துல துளிர்க்குதில்ல, அந்த மாதிரி துளிர்க்குமாம். போவறதுக்கு எடம் இல்லன்னா தழும்புக்குள்ளயே சுருண்டு சுருண்டு கட்டியாயிடுமாம். அதைத்தான் எடுத்தாங்க. தம்மாத்தூண்டு. அதுக்கா இத்தினி ஆட்டம்னு எனக்கே வெட்கமாப் போச்சு.”

அம்சவல்லி முன்னால் வந்தாள். “அண்ணே, அது வெரல்ல மட்டுந்தான் வருமா?”

“எங்க நரம்பு அறுந்தாலும் வரலாம்னு டாக்டரு சொன்னாரு.”

“வெட்டித் தையல் போட்ட எடத்துல?”

“வரும்போல இருக்குது. ஏம்மா?”

“சும்மா கேட்டேன்.”

காசியம்மாள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள். அன்று வேலை முடிந்து ரயில் பாதை ஓரமாக இருவரும் நடந்து வரும்போது, “சொல்லு” என்றாள். அம்சவல்லி சொன்னாள். பிள்ளை பெற்றபோது வெட்டினது, தையல் போட்டது, அந்த நுனியில் உட்கார்ந்திருக்கிற மிளகு, எல்லாவற்றையும் சொன்னாள். நல்லமுத்துவின் விரலை நடுவில் வைத்துக்கொண்டு பேசியதால் சொல்ல முடிந்தது.

“அப்ப முழங்கா?” என்றாள் காசியம்மாள் கடைசியில்.

“முழங்கா நல்லாத்தான் இருக்குதுக்கா.”

“நான் காய்ச்சிக் குடுத்த எண்ணெய்?”

“எங்க அத்தை காலுக்குப் போச்சு.”

காசியம்மாள் சிரிக்கவும் இல்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. “நாளைக்கே உன் வூட்டுக்காரருகிட்ட சொல்லு. இப்ப எங்கிட்ட சொன்ன மாதிரியே சொல்லு” என்றாள்.

மறுநாள் மத்தியானம் பாவாடை பகல் வேலையில் இருந்தான். சூளை ஆறிக்கொண்டிருந்ததால் வெளியே வேப்பமர நிழலில் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அம்சவல்லி எதிரில் போய் நின்றாள்.

“நல்லமுத்து அண்ணனுக்கு வெரல்ல வந்தது எனக்கும் வந்திருக்குது. நாயகி பொறந்தப்ப தையல் போட்ட எடத்துல.”

அவன் கவளத்தைச் சட்டியிலேயே போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தான். நல்லமுத்து தரையில் உட்கார்ந்து அழுதபோது அவனைப் பிடித்துக்கொண்டிருந்தவன் அவன். அந்த உடம்பு நடுங்கியது அவன் கைக்குத் தெரியும்.

“அந்த வலியா?”

“அந்த வலிதான்.”

“நாயகி பொறந்ததுல இருந்தா?”

அவள் தலையசைத்தாள். அவன் அதற்கு மேல் சாப்பிடவில்லை. கையைக் கழுவிக்கொண்டு நேராக நல்லமுத்துவைத் தேடிக்கொண்டு போனான்.

அடுத்த வாரம் பாண்டிச்சேரிக்குக் கிளம்பினார்கள். கடலூர் பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது. அம்சவல்லி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “சீட்டு இருக்குதேம்மா, ஏன் வழியை மறிச்சுக்கிட்டு நிக்கற?” என்று கண்டக்டர் சலித்துக்கொண்டான். பாவாடை சீட்டிலிருந்து எழுந்து வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றான். நெய்வேலியில் கூட்டம் ஏறி இறங்கியது. குறிஞ்சிப்பாடியில் மறுபடி இடம் காலியானது. அவன் உட்காரவில்லை. கடலூர் போய்ச் சேரும் வரைக்கும் இருவரும் நின்றுகொண்டே போனார்கள்.

ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கோட்டுப் பையன்கள் கும்பலாக நின்றிருந்ததைப் பார்த்ததும் அவளுக்குத் திரும்பிவிடலாமா என்றிருந்தது. டாக்டரம்மா நடுவயதுக்காரி. அம்சவல்லி கண்ணை இறுக மூடிக்கொண்டதைக் கவனித்துவிட்டு, அந்தப் பையன்களை வெளியே போகச் சொன்னாள். ஒரு நர்ஸ் மட்டும் நின்றாள்.

“எவ்வளவு காலமா இருக்கு?”

“பொண்ணுக்கு ஏழு முடிஞ்சிடுச்சிங்க.”

“யார்கிட்டயும் காட்டலையா?”

“காட்டினேங்க. ஒண்ணும் தெரியிலன்னாங்க.”

“கண்ணுக்குத் தெரியாது. தொட்டாத்தான் தெரியும்” என்றாள் டாக்டரம்மா. குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றி, தழும்பின் ஓரமாக ஒவ்வொரு இடமாகத் தொட்டு வந்தாள். இங்கேயா, இல்லை. இங்கேயா, இல்லை. பிறகு நர்ஸின் கையை அம்சவல்லி நகம் பதியப் பற்றிக்கொண்டாள். டாக்டரம்மா உடனே குச்சியை எடுத்துவிட்டாள். “போதும். தெரிஞ்சுபோச்சு.”

அந்த இடத்தில் மரத்துப்போகிற ஊசி ஒன்றைப் போட்டாள். ஊசி போடும்போது வலித்த வலியில் அம்சவல்லிக்குக் காது அடைத்தது. கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள்.

“இப்ப தொடுங்கம்மா” என்றாள் அம்சவல்லி.

“தொட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

அம்சவல்லி நம்பவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தாள். டாக்டரம்மாவின் விரல் அங்கேதான் இருந்தது. ஒன்றுமே இல்லை. தன் உடம்பில் எதையோ கழற்றி எடுத்து வெளியில் வைத்துவிட்டதுபோல இருந்தது. அந்த மரப்பு தீர்வதற்குள் அவள் அறையின் முக்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். நர்ஸ் சிரித்தாள். அம்சவல்லிக்குச் சிரிப்பு வரவில்லை.

பாவாடையை உள்ளே கூப்பிட்டு டாக்டரம்மா இருவருக்கும் சேர்த்துச் சொன்னாள். வெட்டினபோது அறுந்த நரம்பு தழும்புக்குள் முடிச்சாக வளர்ந்திருக்கிறது. புற்று இல்லை. கெட்ட நோய் இல்லை. யாரிடமிருந்தும் வரவில்லை, யாருக்கும் ஒட்டாது. மனசு சம்பந்தப்பட்டதும் இல்லை. எடுத்துவிடலாம், சில பேருக்கு மறுபடி வளர்ந்தாலும் வளரும்.

“அப்ப அந்த ஊசியெல்லாம்?” என்றான் பாவாடை.

“எந்த ஊசி?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அம்சவல்லியும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுபத்துநான்கு தைப் பொங்கல் முடிந்ததும் ஆபரேஷன் நடந்தது. இடுப்புக்குக் கீழே மரக்க வைத்துச் செய்தார்கள். எடுத்ததை ஒரு சின்ன புட்டியில் போட்டு டாக்டரம்மா காட்டினாள். ஊறவைத்த துவரம்பருப்பில் பாதிகூட இல்லை. வெளுத்துப்போய் உருண்டையாக மிதந்தது. அம்சவல்லி அதை வெகுநேரம் பார்த்தாள். பெண்ணாடத்துப் பயணமும், வாசலில் விரித்த பாயும், கொளஞ்சியப்பர் கோயிலில் நின்ற நிற்பும் எல்லாம் இதிலிருந்துதான் வந்தன என்பதை மனம் ஏற்க மறுத்தது. சோதித்துப் பார்த்து, வெறும் நரம்புதான், வேறு ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

புண் ஆறும்வரை பழைய பயம் இருந்தது. பங்குனியில் ஒரு நாள் தைரியமாகத் தொட்டுப் பார்த்தாள். தழும்பு இருந்தது. கரண்ட் இல்லை.

வேலைக்குத் திரும்பியதும் கோதண்டபாணி, “முழங்கால் ஆபரேஷனா?” என்று கேட்டார். “ஆமாங்க” என்றாள். காசியம்மாள் குனிந்து பிசிறு எடுத்துக்கொண்டிருந்தாள்.

வலி போனால் ஆட்டம் பாட்டமாக இருக்கும் என்று அம்சவல்லி நினைத்திருந்தாள். அப்படி நடக்கவில்லை. வலி போன இடத்தில் அசதி வந்து சேர்ந்தது. இத்தனை காலமும் காவல் காத்துக் காத்து விறைத்திருந்த உடம்பு ஒரேயடியாகச் சாய்ந்தது. ஞாயிற்றுக்கிழமையானால் பட்டப்பகலில் தூங்கினாள். குழம்பு கொதிக்கும்போது சுவரோடு ஒட்டித் தூங்கினாள். மகளுக்குத் தலை பின்னும்போதே கண் சொக்கியது. “நோவு இருக்கறப்ப நின்னுக்கிட்டே திரிஞ்சா, நல்லானதும் படுத்துக்கிட்டே கெடக்கறா” என்று வீராயி முணுமுணுத்தாள்.

“தூங்கட்டும் வுடும்மா” என்றான் பாவாடை. தாயை எதிர்த்து அவன் சொன்ன முதல் வார்த்தை அநேகமாக அதுதான்.

அவன் பாயை உள்ளே கொண்டுவந்து போட்டுக்கொள்ளவே மழைக்காலம் ஆகிவிட்டது. அதுவும் வாசல் கூரை ஒழுகியதால்தான். ஒருவரை ஒருவர் தொடுவது இருவருக்குமே மறந்துபோயிருந்தது. மெல்ல மெல்லத்தான் பழகினார்கள். புதிதாகக் கல்யாணமானவர்களின் கூச்சம் மட்டும் இருந்தது, அவர்களுடைய அவசரம் இல்லை. இன்னொரு பிள்ளை பிறக்கவில்லை. வேண்டும் என்று வீராயி தவிர யாரும் கேட்கவும் இல்லை.

அந்த மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், திண்டிவனம் பக்கத்துக் கடலையை வறுத்து முறத்தில் கொட்டிக்கொண்டு இருவரும் உரித்துக்கொண்டிருந்தபோது அவன் கேட்டான்.

“அப்பவே ஏன் சொல்லல நீ?”

“சொன்னேன். வலிக்குதுன்னு சொன்னேன்.”

“வலிக்குதுன்னு சொன்னே. எங்கன்னு சொல்லல.”

“எங்கன்னு நீங்களும் கேக்கல.”

அவன் ஒரு கடலையை உரித்தான். அதை வாயில் போடாமல் அவள் பக்கம் தள்ளினான். “பெண்ணாடத்துக்கு நான் போயிருக்கக் கூடாது” என்றான். அவள் முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு அடுத்த கடலையை உரித்தாள். மகள் வந்து இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, உரித்ததையெல்லாம் அள்ளிக்கொண்டாள்.

இரண்டு வருஷம் போயிருக்கும். காசியம்மாளின் அண்ணன் மகள் வீரம்மாள், வேப்பூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள், பிள்ளை பெற்ற பிறகு உட்கார முடியாமல் தவிக்கிறாள் என்று செய்தி வந்தது. காசியம்மாள் அம்சவல்லியைத்தான் துணைக்குக் கேட்டாள். அம்சவல்லி லீவு போட்டுவிட்டு அந்தப் பெண்ணைப் பாண்டிச்சேரிக்கு அழைத்துக்கொண்டு போனாள். உள்ளே போவதற்கு முன்பு, எந்த இடம், தொட்டால் எப்படி, எல்லாவற்றையும் கூசாமல் சொல்லச் சொல்லிப் பழக்கினாள். பழைய டாக்டரம்மா மாற்றலாகிப் போயிருந்தாள். புதிதாக வந்தவளும் நல்லவள்தான். பார்த்துவிட்டு, இது நரம்பு முடிச்சு இல்லை, தையலில் ஒரு நூல் உள்ளேயே தங்கிச் சீழ் பிடித்திருக்கிறது என்றாள். நூலை எடுத்துவிட்டு மருந்து கொடுத்தாள். பத்து நிமிஷ வேலை.

திரும்பும் பஸ்ஸில் வீரம்மாள் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். அவளுடைய குழந்தை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்சவல்லியின் மடியில் இருந்தது. கடலூர் தாண்டியதும் அது மடியை நனைத்தது. விருத்தாசலத்தில் இறங்கிக் குழாயடியில் புடவையை அலசிப் பிழிந்துவிட்டு, வீரம்மாளை வேப்பூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, அம்சவல்லி வீட்டுக்கு நடந்தாள். உலை வைக்க நேரமாகியிருந்தது.